ஆதாம் பேசிய மொழி எது?

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்தபின், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டச் சிற்றாலயம் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் ஆதியாகமம் 2-ம் அதிகாரம். இறைவன் விலங்குகளையும் பறவைகளையும் ஆதாமிடம் கொண்டுவருகிறார். ஆதாம் ஒவ்வொன்றுக்கும் பெயரிடுகிறான். வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே போனேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

“சேர், ஆதாம் என்ன பாஷையில பேர் வச்சாரு?”

“தமிழ்லதான்டா!” என்றது பின்வரிசை. சன்னலோரம் இருந்த சிறுமிக்கு அது பொறுக்கவில்லை. அவள் தகப்பன் நம்மவர். தாய் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண். “ஏன், சிங்களத்துல வச்சிருக்கக் கூடாதா?” என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். நேரமாகிவிட்டது, அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். உண்மையில் நேரமாகவில்லை. பதில் தெரியவில்லை.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டுப் பிள்ளை இக்கேள்வியைக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியன்று இது. மனிதர் இக்கேள்விக்குத் தத்தம் தாய்மொழியையே விடையாகச் சொல்லி வந்திருக்கின்றனர். திருச்சபையின் பழைய ஆசிரியர் பலர் ஆதாம் எபிரேயம் பேசினான் என்றே நம்பினர். 16-ம் நூற்றாண்டில் அன்ட்வேர்ப் நகரத்து அறிஞர் கொரோப்பியஸ் பெக்கானுஸ் என்பவர், ஏதேன் தோட்டத்தில் பேசப்பட்டது தம் ஊர்ப் பேச்சுத்தான் என்று நூல் எழுதினார்! நம்மவரும் சளைத்தவரல்லர். சிவபெருமானின் உடுக்கையில் ஒருபுறம் தமிழும் மறுபுறம் வடமொழியும் பிறந்தன என்பது நாட்டில் வழங்கும் பழங்கதை. உலகின் முதன்மொழி தமிழே என்று 1966-ல் ஆங்கிலத்திலேயே ஒரு நூல் எழுதி வாதாடினார் தேவநேயப் பாவாணர். இந்தச் சச்சரவு எல்லை மீறிப் போனதாலோ என்னவோ, 1866-ல் பாரிஸ் மொழியியல் கழகம், மொழியின் பிறப்புப்பற்றி எந்தக் கட்டுரையையும் ஏற்பதில்லை என்று தன் விதியிலேயே எழுதிவைத்தது. எங்கள் வகுப்பிலும் அப்படியொரு விதி இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

நம் நாட்டிலேயே இக்கேள்வியோடு வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டிய குருவானவர் ஒருவர் இருந்தார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) என்றால் யாழ்ப்பாணத்தில் அறியாதார் இல்லை. இளமையில் இரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்தவர், அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து குருவானார். எண்ணற்ற மொழிகளைக் கற்றார். தமிழ் வேர்ச்சொற்களைக்கொண்டு பிறமொழிச் சொற்களின் மூலத்தையும் காணலாம் என்று நம்பி, சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியை 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். வேலை முடியுமுன்னரே இறைவனடி சேர்ந்தார். எல்லா மொழிக்கும் மூலம் ஒன்றே என்ற அவருடைய முடிவை இன்றைய மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. ஆயினும், ஒரு சொல்லைக் கையிலெடுத்து, ‘நீ யார் வீட்டுப் பிள்ளை, எங்கிருந்து வந்தாய்?’ என்று கேட்கும் அவருடைய பழக்கம் இருக்கிறதே, அதை நாமும் சற்றுக் கைக்கொள்ளலாம். அதற்கு யாழ்ப்பாணம்வரை போகவேண்டாம். நம் லயத்து வாசலே போதும்.

காலையில் குடிக்கும் தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தே’ என்பது தென்சீனத்துப் பூக்கியன் கரையோர மக்களின் சொல். ஒல்லாந்தக் கப்பல்காரர் அதைக் கேட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயினர். ஆங்கிலேயர் ‘டீ’ ஆக்கினர். அதே செடிக்குச் சீனத்தின் மற்றப் பகுதிகளில் ‘சா’ என்று பெயர். மக்காவில் குடியேறிய போர்த்துக்கேயர் அதைக் கற்றனர். மலையாளத்தார் ‘சாயா’ என்பதும் அந்தச் ‘சா’ வழி வந்ததே. 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதல் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். சீனத்துச் சொல்லோடு நம்முடைய ‘இலை’ ஒட்டிக்கொண்டது. தேயிலை! பிறகு ‘தண்ணி’ சேர்ந்தது. சீனமும் தமிழும் ஒரே கோப்பையில் கலந்துவிட்டன. அந்தக் ‘கோப்பை’ போர்த்துக்கேயம்.

பிள்ளைக்காம்பராவுக்கு வாருங்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய் தன் கைக்குழந்தையை விட்டுப்போகும் இடம். ‘காம்பரா’ எங்கிருந்து வந்தது? வளைந்த கூரையுள்ள அறைக்குக் கிரேக்கர் ‘கமாரா’ என்றனர். இலத்தீனில் அது ‘கமெரா’ ஆயிற்று. போர்த்துக்கேயர் வழியாக இலங்கைக்கு வந்து, சிங்களத்தில் ‘காமரய’, நமக்குக் ‘காம்பரா’. ஆங்கிலேயரின் ‘சேம்பர்’ என்ற சொல்லும், திருமண வீட்டில் படம் பிடிக்கும் ‘கமரா’வும் அதே வயிற்றுப் பிள்ளைகளே. அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ‘ஆயா’வோ இன்னும் வேடிக்கை. ஒருபுறம் போர்த்துக்கேயத்தில் தாதியைக் குறிக்கும் ‘ஆயா’. மறுபுறம் தாயையும் பாட்டியையும் குறிக்கும் நம் பழந்தமிழ் ‘ஆய்’. கடல் கடந்து வந்த சொல்லும் வீட்டில் இருந்த சொல்லும் ஒரே குரலில் ஒலிக்க, எது எதுவென்று பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டன.

இப்படியே பாண், மேசை, அலமாரி, சப்பாத்து, விசுக்கோத்து என்று போர்த்துக்கேயரும், கக்கூசு, கந்தோர் என்று ஒல்லாந்தரும், லயம், ஸ்டோர், கண்டாக்கு என்று ஆங்கிலேயரும் நமக்குக் கடன் கொடுத்திருக்கின்றனர். நாம் கொடுக்கவில்லையா? ‘கங்காணி’ என்ற நம் சொல்லை ஆங்கிலேயர் தம் சட்டப் புத்தகத்திலேயே எழுதினர். ‘மாங்காய்’ அவர்கள் ‘மேங்கோ’. சாலமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களுக்கு எபிரேய வேதாகமத்தில் உள்ள ‘துக்கி’ என்ற சொல் நம் ‘தோகை’யே என்று கால்டுவெல் எழுதினார், அறிஞர் பலர் அதை ஒப்புகின்றனர். சொற்கள் குடிபெயர்வதைத் தொல்காப்பியரே தீதென்று சொல்லவில்லை. திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தம் இலக்கணத்தில் இடம் வைத்திருக்கிறார்.

ஆனால், சொல் ஒத்திருப்பதை மட்டும் பார்த்து உறவு கொண்டாடுவதில் ஓர் ஆபத்து உண்டு. நம் ஆண்டவர் கெத்சமனித் தோட்டத்தில் தம் பிதாவை ‘அப்பா’ என்றழைத்தார். அது அரமாயிக் மொழி. ‘பார்த்தீர்களா, இயேசு பேசியது தமிழ்!’ என்று ஒருவர் கோவில் முற்றத்தில் அடித்துச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். ஐயோ பாவம். தமிழருக்கு அம்மா, சிங்களவருக்கும் அம்மா, சீனருக்கு ‘மாமா’, எபிரேயருக்கு ‘ஏம்’. இவர்களெல்லாரும் ஒரு மொழியிலிருந்து பிரிந்தவர்கள் என்பதற்கு இது சான்றாகாது. உதட்டை மூடித் திறந்தால் வரும் ம, ப, ப்ப என்ற ஒலிகளே குழந்தை வாயில் முதலில் எளிதாக வருகின்றன. பால்குடிக்கும் வாயிலிருந்து ‘ம்ம்’ என்ற முனகல் வர, ‘என்னைத்தான் கூப்பிடுகிறான்’ என்று தாய் மகிழ்ந்து அதையே தன் பெயராக்கிக்கொள்கிறாள். ரோமன் யாக்கொப்சன் என்ற மொழியறிஞர் இதை விளக்கி எழுதியிருக்கிறார். ஜோர்ஜிய நாட்டிலோ ‘மாமா’ என்றால் தகப்பன்!

அப்படியானால் உண்மையான உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணுப்பெயர், உறுப்புப்பெயர் போன்ற அன்றாடச் சொற்கள் ஒழுங்கான முறையில் ஒலிமாறி நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். 1786-ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு தாய்வயிற்று மொழிகளாயிருக்கவேண்டும் என்று பேசினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன அதிலிருந்து வேறான தனிக்குடும்பம் என்பதை 1816-ல் சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி காட்டினார். 1856-ல் கால்டுவெல் அதை விரிவாக நிலைநாட்டினார். இன்றும் பலுச்சிஸ்தானத்து மலைகளில் ஆடு மேய்க்கும் பிராகூயி மக்கள் இரண்டை ‘இரட்’ என்றும், மூன்றை ‘முசிட்’ என்றும் எண்ணுகின்றனர். அவர்கள் நமக்கு ஒன்றுவிட்ட சகோதரர்.

சிங்களமோ அந்த மற்றக் குடும்பத்தைச் சேர்ந்தது. எக, தெக, துன என்று எண்ணுபவர் இந்திக்காரருக்கு உறவு. ‘டூ, த்ரீ’ என்று எண்ணிய வெள்ளைக்காரத் துரைக்கும் தூரத்து உறவு! பிறப்பை மட்டும் பார்த்தால் பங்களாவும் பக்கத்துச் சிங்களக் கிராமமும் ஒரு குடும்பம். இடையில் லயத்தில் இருந்த நாம்தான் வேறு.

ஆயினும் வாசகரே, இந்தச் சிங்கள வாக்கியத்தைக் கேளுங்கள்: ‘மம கெதர யனவா.’ நான் வீட்டுக்குப் போகிறேன். சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்துவிடலாம். ‘எனவா கியலா கிவ்வா.’ வருகிறேன் என்று சொன்னான். நம்முடைய ‘என்று’ இருக்கும் அதே இடத்தில் அவர்களுடைய ‘கியலா’ உட்கார்ந்திருக்கிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்லப் போனால் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டவேண்டும். நம் கடை அவர்களுக்குக் ‘கடே’; நம் பாலம் ‘பாலம’; அக்கா இருவருக்கும் அக்கா. ‘ஐயா’ என்று நாம் அதிகாரியை அழைக்கிறோம். அவர்கள் அதே சொல்லால் அண்ணனை அழைக்கிறார்கள். நல்லதண்ணி என்று நம்மவர் சொல்லும் இடம் அவர்கள் வாயில் நல்லதண்ணிய ஆயிற்று. இரத்த உறவில்லாத இரு மொழிகள் பல நூற்றாண்டாக அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்து நடையுடை பாவனையில் ஒன்றுபோலாகிவிட்டன. மொழிகளுக்குப் பிறப்பால் வரும் உறவு ஒன்று. அயலால் வரும் உறவு மற்றொன்று. 1956-ல் இந்நாட்டில் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் செய்தவர்களும், அதை எதிர்த்தவர்களிற் பலரும், முதலாவதை மட்டுமே கண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழும் ஆட்சிமொழியாகும் என்று அரசியலமைப்பில் எழுத 1987 ஆயிற்று. அது கந்தோர் மேசைக்கு இறங்கிவர அதற்கு மேலும் காலம் பிடித்தது.

பையனின் கேள்விக்கு வருவோம். மொழி வானத்திலிருந்து ஆயத்தமாக விழுந்ததா? 16-ம் நூற்றாண்டில் அக்பர் சக்கரவர்த்தி இதைச் சோதித்துப் பார்த்தார். பச்சிளம் பிள்ளைகளைத் தனிமாளிகையில் வைத்து, அவர்கள் காதில் ஒரு பேச்சும் விழாதபடி காவல்போட்டார். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அங்கே பேச்சில்லை. அந்த வீட்டை ‘ஊமை மாளிகை’ என்று மக்கள் அழைத்தனர். எவ்வளவு கொடிய சோதனை! இறைவன் மனிதனுக்குள் ஒரு முழு மொழியை எழுதிவைத்து அனுப்பவில்லை என்பது அந்தப் பிள்ளைகளின் செலவில் தெரிந்தது.

நம் காலத்தில் இதன் மறுபக்கத்தை நிக்கராகுவா நாடு காட்டிற்று. அங்கே செவிப்புலனற்ற பிள்ளைகள் தத்தம் வீடுகளில் தனித்தனியே, சில கைச்சாடைகளோடு மட்டும் வாழ்ந்துவந்தனர். 1970-களின் இறுதியில் மனாகுவா நகரில் அவர்களுக்கெனப் பள்ளி திறந்து ஒன்றுசேர்த்தனர். ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கக் கற்பிக்க முயன்றனர், அது பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டிடத்திலும் பேருந்திலும் பிள்ளைகள் தாங்களே தங்கள் சாடைகளைக் கலந்து புதிய மொழியொன்றை உண்டாக்கிக்கொண்டனர். பின்னர் வந்த இளைய பிள்ளைகள் அதற்கு இன்னும் சீரான இலக்கணம் கொடுத்தனர். அது இன்று முழுமையான சைகை மொழி. யாரும் கற்பிக்கவில்லை, கூட்டு மட்டும் கிடைத்தது. (ஆசிரியனாகிய எனக்கு இதை எழுத உள்ளூரச் சற்று வெட்கந்தான்.)

இதைத்தான் 4-ம் நூற்றாண்டிலேயே நீசா நகர் ஆயர் புனித கிரகோரியார் சொல்லிவிட்டார் என்றால் வியப்பாயில்லையா? பொருள்களின் பெயர்களை இறைவனே வகுத்தார் என்று வாதாடிய எவுனோமியுசுக்கு அவர் மறுப்பெழுதினார். பேசும் ஆற்றலைத் தந்தவர் இறைவன். சொற்களை ஆக்கியவர் மனிதர். இறைவன் பள்ளிக்கூட வாத்தியார்போல உட்கார்ந்து ஆதாமுக்குச் சொல் சொல்லிக் கொடுத்தார் என்று எண்ணுவது சிறுபிள்ளைத்தனம் என்பது அவர் கருத்து. ஆதியாகமத்தை மறுபடி படித்துப் பாருங்கள். மிருகங்களைக் கொண்டுவந்த இறைவன் பெயர்களைச் சொல்லவில்லை. ஆதாம் என்ன பெயரிடுவான் என்று பார்க்கக் காத்திருந்தார்.

பாபேல் கோபுரத்தைப்பற்றி நீங்கள் கேட்பீர்கள். பல மொழி என்பது தண்டனைதானே என்று. அந்தக் கதை 11-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய 10-ம் அதிகாரத்திலேயே நோவாவின் மக்கள் தத்தம் நாடு, தத்தம் மொழி என்று பரவியிருந்ததைத் தண்டனை என்ற பேச்சே இல்லாமல் வேதாகமம் சொல்கிறது. பெந்தேகோஸ்து நாளிலும் கூடியிருந்தோர் எல்லாரும் ஒரே மொழிக்காரராகிவிடவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பிறப்பிடத்து மொழியிலேயே கேட்டனர்.

இன்று உலகில் ஏறக்குறைய 7000 மொழிகள் உள்ளன. அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே இலக்கணம் உண்டு என்பது சோம்ஸ்கியின் கொள்கை. அப்படியில்லை, மொழிகள் நாம் நினைப்பதைவிட வேறுபட்டவை என்று வாதாடுவோரும் உண்டு. அந்த வழக்கு அறிஞரிடையே இன்னும் தீரவில்லை. ஆனால் சில செய்திகளில் சச்சரவில்லை. கேள்வி கேட்க முடியாத மொழி இல்லை. ‘இல்லை’ என்று மறுக்க முடியாத மொழி இல்லை. நேற்று இறந்துபோனவரைப்பற்றியும் நாளை வரப்போகிறவரைப்பற்றியும் பேச முடியாத மொழி இல்லை. எந்த நாட்டுக் குழந்தையை எந்த வீட்டில் வளர்த்தாலும் அந்த வீட்டு மொழியை நாலைந்து வயதுக்குள் பேசிவிடும். எழுத்தில்லாத காட்டுவாசியின் பேச்சிலும் பண்டிதரின் பேச்சைப்போலவே நுட்பமான இலக்கணம் உண்டு. குறைப்பிறவியான மொழி என்று ஒன்று இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியை நான் இருபது வயதில் அறிந்திருக்கவில்லை. 1974-ல் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாகச் சேர்ந்தேன். ஒரே நீண்ட அறை; ஐந்து வகுப்புகள். பயிற்சி பெற்று வந்த புதுமிடுக்கு. பிள்ளைகளின் தோட்டப் பேச்சைத் திருத்துவதே என் முதற்கடமை என்று எண்ணினேன். மூன்றாம் வகுப்பில் கெட்டிக்காரப் பெண்ணொருத்தி இருந்தாள். கதை சொல்லச் சொன்னால் வகுப்பே வாய்பிளந்து கேட்கும். ஒருநாள் அவள், “வெள்ளன எழும்பி, அம்மா பெரட்டுக்குப் போச்சு; நான் அங்கிட்டு நின்னேன்” என்று தொடங்கினாள். நான் நிறுத்தினேன். அவளைப்போலவே இழுத்துப் பேசிக் காட்டினேன். “தோட்டக்காட்டுப் பாஷையைப் பள்ளிக்கூடத்தில் பேசாதே” என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரிக்க முயன்றாள். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் கேட்டதற்கு ஆம், இல்லை என்றாளே தவிர, ஒரு கதையும் சொல்லவில்லை.

வெகுகாலம் கழித்து அகராதியைப் புரட்டியபோது ‘வெள்ளென’ என்பதைக் கண்டேன். கிழக்கு வெளுக்கும் வேளையைக் கண்முன் நிறுத்தும் அருமையான தமிழ்ச்சொல். ‘அங்கிட்டு’ மதுரை, இராமநாதபுரச் சீமையிலிருந்து அவளுடைய முன்னோர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மலையேறியபோது கூடவே சுமந்து வந்தது. ‘பெரட்டு’, துரைமாரின் ‘பரேட்’ என்ற சொல்லை நம்மவர் தம் நாக்குக்கு வளைத்துக்கொண்டது என்பர். அந்தச் சிறுமியின் ஒற்றை வாக்கியத்தில் மூன்று சரித்திரம் இருந்தது. நான் கண்டது பிழை மட்டுமே. அவளுடைய சொந்தக்காரர் பலர் 1964-ம் ஆண்டு உடன்படிக்கையின்படி நீலகிரிக்குப் போனார்கள். அங்கே ‘பாண்’ என்றும் ‘சப்பாத்து’ என்றும் பேசியதால் சிலோன்காரர் என்று பெயர் வாங்கினார்கள். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் போனேன். ஆதாமின் மொழி தமிழுமன்று, சிங்களமுமன்று. அது யாருக்கும் தெரியாது. ஆனால் பெயர் வைக்கும் ஆற்றலை இறைவன் அவனுக்குக் கொடுத்தார், அதே ஆற்றலை உங்களுக்கும் கொடுத்திருக்கிறார் என்று சொன்னேன். பின்வரிசைக்கு ஏமாற்றம். சன்னலோரச் சிறுமி மட்டும், “அப்ப எங்க வீட்டு நாய்க்கு நான் வச்ச பேரும் சரிதானே சேர்?” என்றாள். என்ன பெயர் என்றேன். பாதி தமிழ், பாதி சிங்களம். சரிதான் என்றேன்.

அந்த மூன்றாம் வகுப்புப் பெண் இப்போது பாட்டியாகிவிட்டாள். அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள். சில வாரங்களுக்கு முன் வழியில் கண்டேன், இடுப்பில் பேத்தி. “வணக்கம் சேர். நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் அனைவரும் நலமாக இருக்கிறோம்” என்றாள், புத்தகத்தை வாசிப்பதுபோல. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்; அவள் “பேருந்து வருகிறது” என்று விலகி நின்றாள். நான் நாலடி நடந்ததும், பின்னால் அவள் பேத்தியிடம் கதை சொல்லத் தொடங்குவது காதில் விழுந்தது. ‘அங்கிட்டு’ என்ற சொல் தெளிவாகக் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று தெரியும். திரும்பாமலே நடந்தேன்.